ஏழுக்கு ஒன்பது

நாற்பத்தொரு நிரை, பன்னிரண்டு நிரல்:
வலிகாமத்துக் கிணறுகளின் உப்பு.
கீழே ஏழு நிரை, ஒன்பதே நிரல்:
அனலைதீவில் மரியநாயகி அளந்து அனுப்பியது.

வேறு மொழியென்றால்
நீளம் பிழை என்று வாசலிலேயே மறித்திருக்கும்.
இது ஒரு கால்புள்ளி மட்டும் கேட்டது.
போட்டேன்.
நாற்பத்தெட்டுக்குப் பன்னிரண்டு என்றது,
பந்தி தொடங்கிய பிறகு வந்த ஏழு பேரை
முகம் சுளிக்காமல் இருத்திவிட்டவர் மாதிரி.
ஆண்டை முன்னால் ஒட்டினேன்.
ஒற்றை எண்ணுக்கு உருவம் கிடையாது;
கேளாமலே நாற்பத்தெட்டுத் தரம் நின்றது.

குறைந்த இடங்களில் பூச்சியம்.
இருபத்தொரு பூச்சியம், எண்ணினேன்.

பள்ளிக்கூடத்தில் இதைத் தாயம் என்றுதான் படித்தோம்.
சோழி உருட்டி விழுவதும் தாயம்,
தகப்பன் விட்டுப்போன காணியும் தாயம்.
(எங்கள் காணி வழக்கு இன்னொரு நாளைக்கு.)

கச்சேரியடிக் கந்தோரில் மின்விசிறி
இரண்டாம் எண்ணில் மட்டும்தான் சுற்றும்.
முதுகுக்குப் பின்னால் குலவீரசிங்கம்:
"உப்புப் பூச்சியம் எண்டால் மழைத்தண்ணி.
ஒக்ரோபரிலை இருந்து அனலைதீவிலை
வானம் நேரை கிணத்துக்குள்ளையோ?"

சிரித்தேன். அந்தப் பூச்சியங்களை
அழிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும்.
என்னை நிறுத்தியது அவற்றுக்கு முந்திய எண்கள்.
யூலையில் இறங்கத் தொடங்குகிறது உப்பு,
செப்ரெம்பரில் பாதியாகிறது.
நிலம் வெடித்துக் கிடக்கிற செப்ரெம்பரில்
எந்தத் தீவுக் கிணறு இனித்தது?

தொலைபேசியில் மரியநாயகிக்குக் காற்று இரைந்தது.
"கடைசி மூண்டு மாதம் நீங்கள் அளக்கேல்லையோ?"
"ஆர் சொன்னது? மே, யூன், யூலைதான் இல்லை.
மீற்றர் உங்கடை கந்தோருக்குத்தானே திருத்த வந்தது.
சோளகம் பெயர்ந்து போய்த்தான் திரும்பிக் கிடைச்சது."

அலுமாரியைத் திறந்தேன்.
மீற்றர் கிடந்த இடத்தில்
தூசி படியாத ஒரு நீள்சதுரம்.

ஆக, நடுவில் இருந்தது பள்ளம்.
மொழிக்கு அது தெரியாது;
குறைவென்றால் வாலில்தான் என்பது அதன் நம்பிக்கை.
ஓகஸ்ட் நகர்ந்து மேயில் உட்கார்ந்தது,
மாரி மழை கோடையில் பெய்தது,
பிழை என்று ஒரு எழுத்தும் திரையில் இல்லை.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே வெட்டினேன்.
மூன்று வெற்று நிரல் செருகினேன்,
பூச்சியத்தை விட்டு, எண்ணே இல்லை என்கிற குறி போட்டு.
சராசரி கேட்டேன். குறியையே திருப்பித் தந்தது.
அதை நான் மதித்தேன்.

வைக்கப் போனவள் பிறகும் சொன்னாள்:
"மீற்றர் இல்லாட்டிலும் நாங்கள்
அந்தத் தண்ணிதானே குடிச்சனாங்கள்.
யூனிலை பால் விட்டால் தேத்தண்ணி திரைஞ்சுபோகும்.
யூலை முழுக்க வெறுந்தேத்தண்ணி."

இதை எந்த நிரலில் வைப்பது?
எண்ணோடு சொல்லைச் சேர்க்க மொழி ஒப்பாது.
பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் ஒப்பும்,
எண்களையும் அப்படியே பூட்டவேண்டும்.
ஒவ்வொன்றாகப் பூட்டினேன்,
அவள் சொன்னதை முழுதாக ஒரு பெட்டியில்.
கால்புள்ளி.

பூட்டிய பெட்டியும் ஒற்றைதான்,
அதற்கும் உருவமில்லை.
மறந்துபோனேன்.
நாற்பத்தெட்டு நிரையிலும் போய் நின்றது.
உரும்பிராயில் தேத்தண்ணி திரைந்தது,
கோண்டாவில் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில்,
குலவீரசிங்கம் வீட்டு முற்றத்துக் கிணற்றில்,
அது இருபத்தாறாம் நிரை.

அவர் பிளேன்ரீயோடு வந்து திரையைப் பார்த்தார்,
கோப்பையைப் பார்த்தார்.

நான் அதை இன்னும் திருத்தவில்லை.